தட்டில் ஏறும் கடற்கரை

கரீபியன் தீவுகளுக்குக் குடும்பத்தோடு விடுமுறைக்கு அழைக்கும் விளம்பர ஏடுகளில் மூன்று படங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: பால்வெள்ளை மணலில் வீடு கட்டும் குழந்தைகள், எலுமிச்சைத் துண்டோடு தட்டில் கிடக்கும் முழு மீன், நீருக்கடியில் வண்ணம் காட்டும் உயிரினங்கள். இவை தனித்தனிப் பக்கங்களில், தனித்தனி விலையோடு அச்சிடப்படுகின்றன. அதனால் முதற்படத்தின் மணலை ஆக்கித் தந்ததில் மூன்றாம் படத்து மீனுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும், அதே மீன் பல இடங்களில் இரண்டாம் படத்துத் தட்டில் வந்து சேர்கிறது என்பதும் பயணத்தைத் திட்டமிடும் குடும்பத்தின் கண்ணில் படுவதேயில்லை. ஜமைக்கா போன்ற ஒரு தீவின் கடற்கரை இன்று ஏன் இந்த நிலையில் இருக்கிறது, இன்றைய குழந்தைகள் பெற்றோராகி அங்கே திரும்பிச் சென்றால் கால் பதிக்க இடம் இருக்குமா என்ற கேள்விகளுக்கான விடையின் பெரும்பகுதி இந்தத் தொடர்பில்தான் அடங்கியிருக்கிறது.

ஆறு அடித்து வரும் மணல் மலைப்பாறையின் துகள். மொன்செராட், மார்ட்டினிக்கின் வடபகுதி போன்ற எரிமலைக் கரைகளில் காணப்படும் கருமணல் உறைந்த எரிமலைக் குழம்பின் துகள். சுற்றுலாப் பயணிகள் தேடிச் செல்லும் வெள்ளை மணலோ பெரும்பாலும் உயிரினங்களின் எச்சம். பவள உயிரிகள் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுண்ணாம்புக் கூடுகள், சங்கு சிப்பிகளின் ஓடுகள், உடலுக்குள் சுண்ணாம்பைச் சேர்த்து வைக்கும் ஹாலிமெடா என்னும் பச்சைப் பாசியின் வில்லைகள் ஆகியவை நொறுங்கிப் பொடியாகி, அலையால் கரைக்குத் தள்ளப்பட்டுச் சேர்ந்ததே அது. அலையும் புயலும் இவற்றை நொறுக்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் நாள்தோறும் ஓய்வின்றி அந்த வேலையைச் செய்யும் உயிரினங்களுள் முதன்மையானது கிளிமீன்.

கிளியின் அலகைப் போல முன்பற்கள் ஒன்றாக இணைந்து வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இப்பெயர் பெற்ற இம்மீன், பாறைமேல் படர்ந்த பாசியையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் உணவாகக் கொள்கிறது. பாசியை மட்டும் நக்கி எடுக்க இயலாததால், அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையையும் சேர்த்தே கடித்து விழுங்குகிறது. ஓர் இனத்தின் அலகை ஆராய்ந்தபோது, அதில் ஏறத்தாழ ஆயிரம் பற்கள் சுமார் 15 வரிசைகளாக அடுக்கப்பட்டிருப்பதும், முன்வரிசை தேய்ந்து உதிர உதிரப் பின்வரிசை முன்னேறுவதும், பல்லின் பொருளான புளோரபடைட் உயிரினங்கள் ஆக்கும் கனிமங்களுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்பதும் தெரியவந்தன. விழுங்கிய பாறையைத் தொண்டையிலுள்ள இன்னொரு பல்தொகுதி ஆட்டுக்கல்லைப் போல அரைத்துத் தள்ள, உணவுச் சத்து உடலில் சேர்கிறது; எஞ்சிய சுண்ணாம்பு மாவு வெண்புகையாக வெளியேறிக் கடலடியில் படிகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் இவ்வாறு சில நூறு கிலோ மணலை வெளியேற்றக்கூடும். மூச்சுக்குழல் அணிந்து நீரில் முகம் கவிழ்த்து மிதக்கும் சிறுவருக்குக்கூட, அலகு பாறையில் படும் நறுக்கென்ற ஒலி நன்றாகக் கேட்கும்.

மணல் தருவது இம்மீனின் பணிகளுள் ஒன்றுதான். பாறையைத் துப்புரவாக வைப்பது அதனினும் பெரிது. பவள உயிரியின் இளநிலை, அதாவது நீரில் மிதந்து வரும் லார்வா, ஒட்டிக்கொண்டு வளர்வதற்குப் பாசியற்ற வெற்றுப் பாறை வேண்டும். மேய்வதற்கு ஆளில்லாத இடத்தில் சில மாதங்களுக்குள் பாசி அடர்ந்து அந்த வாய்ப்பைப் பறித்துவிடும். கரீபியன் கடலில் இந்த மேய்ச்சலைப் பகிர்ந்துகொண்ட இன்னோர் உயிர், நீண்ட கரிய முட்களைக் கொண்ட டயடெமா என்னும் கடல் முள்ளெலி. 1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பனாமாக் கால்வாயின் கரீபியன் வாயில் அருகே தொடங்கிய மர்ம நோய் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கடல் முழுவதும் பரவி, அந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றுபோட்டது. ஜமைக்காவில் கிளிமீன் உள்ளிட்ட பெரிய மீன்கள் அதற்கு முன்பே வலையிலும் கூட்டிலும் அள்ளப்பட்டுவிட்டதால், முள்ளெலி போனபின் மேய்வதற்கு அங்கே எவரும் எஞ்சவில்லை. 1980இல் ஆலன் சூறாவளி நொறுக்கிய பாறைகள் மீண்டெழ வேண்டிய நேரத்தில் பாசி அவற்றை மூடிக்கொண்டது. 1977இல் ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் உயிருள்ள பவளம் பரப்பில் 52 விழுக்காடாக இருந்து 1993இல் 3 விழுக்காடாகச் சுருங்கியதையும், அதே காலத்தில் பாசி 4 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடாகப் பெருகியதையும் 1994இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. 1970 முதல் 2012 வரையிலான தரவுகளைக் கரீபியன் முழுமைக்கும் திரட்டி 2014இல் வெளியிடப்பட்ட பெரும் அறிக்கையும், பவளத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி அழிந்ததற்கு மேயும் உயிரினங்களின் இழப்பை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டுகிறது.

கடலடியில் நிகழ்ந்த இந்த மாற்றம் கரையில் விரிப்பு விரிப்பவரைச் சேர்வதற்குச் சில பத்தாண்டுகள் ஆயின. உயரமும் கரடுமுரடும் கொண்ட உயிருள்ள பவளத்திட்டு, திறந்த கடலிலிருந்து வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, கரைக்குச் சிற்றலையை மட்டுமே அனுப்புகிறது. திட்டு இறந்து தேய்ந்து தட்டையாகும்போது அலை தடையின்றி வந்து மணலைப் பறித்துச் செல்கிறது. பறிபோன மணலுக்கு ஈடாகப் புதுமணல் வருவதும் குறைந்துவிட்ட நிலையில் கரை இரு பக்கமும் இழக்கிறது. ஜமைக்காவின் மேற்கு முனையிலுள்ள நெக்ரில், பல மைல் நீண்ட வெள்ளை மணற்கரைக்காகவே உலகெங்கிலுமிருந்து குடும்பங்கள் வந்து தங்கும் ஊர். அங்கே 1960களின் இறுதியிலிருந்து கரை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை பின்வாங்கி வந்திருப்பதாக 2010இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் துணையோடு நடந்த மதிப்பாய்வு கணக்கிட்டது. பவளத்திட்டும் கடற்புல் படுகையும் எங்கே நன்றாக இருக்கின்றனவோ அங்கே அரிப்பு குறைவு என்றும் அது காட்டியது. மணல் அத்தீவில் எவ்வளவு அரிய பொருளாகிவிட்டது என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்று: டிரெலானி மாவட்டத்தில் ஒரு புதிய விடுதிக்கென ஒதுக்கப்பட்டிருந்த கரையிலிருந்து சுமார் 500 லாரி மணல் திருடப்பட்டு, ஏறத்தாழ 400 மீட்டர் நீளக் கடற்கரை காணாமற்போனது.

தலைநகர் கிங்ஸ்டனுக்கு அருகிலுள்ள ஹெல்ஷயர் இந்தச் சிக்கலை ஒரே பார்வையில் காட்டும் இடம். உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வறுத்த மீன் தின்பதற்கென்றே திரளும் அந்தக் கரையில், கடைகளுக்கு முன்னே ஒரு காலத்தில் அகன்று கிடந்த மணற்பரப்பின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சில கடைகளின் தூண்களையே அலை தொடுகிறது. அங்கு பரிமாறப்படும் எஸ்கோவிட்ச் மீனின் செய்முறை தமிழ்ச் சமையலறைக்கு அயலானதன்று. வாடிக்கையாளர் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து தெரிந்தெடுக்கும் முழு மீனைக் கீறி, உப்பும் மிளகும் தடவி, கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுக்கிறார்கள். வட்டமாக அரிந்த வெங்காயம், காரட், சௌசௌ ஆகியவற்றோடு ஸ்காட்ச் பானட் என்னும் கடுங்கார மிளகாயையும் பிமெண்டோ என்னும் நறுமண மணிகளையும் வினிகரில் ஒரு கொதி விட்டு மீன்மேல் ஊற்றுகிறார்கள். துணைக்கு பாமி எனப்படும் மரவள்ளிக்கிழங்கு ரொட்டியும், ஃபெஸ்டிவல் எனப்படும் இனிப்பான சோள மாவுப் பலகாரமும் வரும். சுவையில் குறைசொல்ல ஒன்றுமில்லாத இந்தத் தட்டில் கிடப்பது சங்கராவா கிளிமீனா என்பதே கேள்வி. உயிரோடு இருக்கையில் பச்சையும் நீலமும் செம்மையுமாக மின்னிய தோல் எண்ணெயில் இறங்கியதும் பழுப்பாகிவிடுவதால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. தலை நீக்கப்படாமல் வருவதால் வாயை உற்று நோக்கினால் போதும்: தனித்தனியான கூரிய பற்களுக்கு மாறாக ஒட்டிப்போன அலகு தெரிந்தால், அது மணல் தந்த மீன்.

இம்மீன் பிடிபடும் முறையே அது விரைந்து அழிவதற்குக் காரணம். மன்னார் வளைகுடாக் கரையூர்களில் பவளப்பாறை மீன்களுக்குக் கூடு வைப்பதைப் போலவே, கரீபியன் தீவுகளிலும் மரச்சட்டத்தில் கம்பிவலை போர்த்திய கூடுகளைத் திட்டுகளுக்கு இடையே இறக்கி வைப்பது பழைய வழக்கம். பகல் முழுவதும் மேய்ந்து திரியும் கிளிமீன் அவற்றுள் எளிதில் நுழைந்துவிடுகிறது. கயிறு அறுந்து தொலைந்த கூடுகள் எடுப்பார் இன்றிக் கடலடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கின்றன. இரவில் நிலைமை இன்னும் மோசம். பல கிளிமீன் இனங்கள் உறங்கும்முன் வாயிலிருந்து சுரக்கும் கோழையால் தம்மைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை அமைத்துக்கொண்டு பாறை இடுக்கில் அசையாமல் கிடக்கும். ஒட்டுண்ணிகளிடமிருந்து காக்கும் அந்த உறை, கைவிளக்கும் ஈட்டித் துப்பாக்கியும் ஏந்தி வரும் மனிதரிடமிருந்து காப்பதில்லை. பெரும்பாலான இனங்களில் மீன் பெண்ணாக வளர்ந்து பின்னர் ஆணாக மாறுவதால், பளபளக்கும் நிறத்தோடு கண்ணைக் கவரும் பெருத்த ஆண்மீன்கள் முதலில் பிடிபடுகின்றன. எஞ்சியவை சிறு உருவத்திலேயே பால் மாறிவிடுவதால் ஒரு தலைமுறைக்குள் மீனின் அளவே சுருங்கிவிடுகிறது. சிறிய அலகு ஆழமாகக் கடிப்பதில்லை. அதனால் மேய்ச்சலும் மணலும் ஒருசேரக் குறைகின்றன.

கடல் வெப்பம் உயர்ந்து பவளம் வெளுத்துச் சாவதும், 2014இல் புளோரிடாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டுத் தீவு தீவாகப் பரவும் பவளத் திசு நோயுமே பெருங்கேடுகள் என்றும், ஏழை மீனவரின் கூட்டில் விழும் நான்கு மீனைப் பிடித்துக்கொண்டு பேசுவது நியாயமன்று என்றும் வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. எனினும் கடல் வெப்பத்தை ஒரு குடும்பத்தின் விடுமுறை முடிவு குறைத்துவிடப் போவதில்லை. தட்டில் எது வைக்கப்படும் என்பதையோ, பணம் கொடுத்து உண்பவரின் கேள்வி அடுத்த வேளைக்குள் மாற்றிவிடும். விடுதியின் கொள்முதல் மாறினால் மீனவருக்கு வேறு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஜமைக்காவின் வடகரையிலுள்ள ஒரகபெஸ்ஸாவில் 2010இல் மீன் சரணாலயம் அமைக்கப்பட்டபோது, அந்த விரிகுடாவை நன்கறிந்த மீனவர்களே காவலர்களாகவும், பவளத் துண்டுகளைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பாறையில் நடுவோராகவும் பொறுப்பேற்றனர். சில ஆண்டுகளில் அங்கே மீன்வளம் பன்மடங்கு பெருகியது. மீனவருக்கு எதிராக நின்று கடலைக் காக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

கிளிமீனை விலக்கினால் உணவில் வறுமை நேரும் என்று அஞ்சவும் காரணமில்லை. பவளத்திட்டுக்கு உறவே இல்லாத உணவு வகைகள் ஜமைக்காவில் ஏராளம்: பிமெண்டோ விறகின் புகையில் வாட்டப்படும் ஜெர்க் கோழி, நாட்டின் தேசிய உணவான, உப்புக் கருவாட்டோடு வதக்கிய அக்கீ பழம் (அது மரத்திலேயே பழுத்து வெடித்தபின் பறிக்கப்படாவிட்டால் நஞ்சு என்பதால் வழியோரத்தில் வாங்கிக் குழந்தைகளுக்குத் தருவது கூடாது), 1845இல் தொடங்கி வந்திறங்கிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வழியே தீவின் திருமண விருந்துகள் வரை சென்று சேர்ந்த ஆட்டுக்கறிக் குழம்பு. குவாதலூப், மார்ட்டினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளில் கொலம்போ என்ற பெயரில் கொத்தமல்லியும் சீரகமும் மஞ்சளும் மணக்கப் பரிமாறப்படும் குழம்பு, 1850களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்களின் கைம்மணத்தை இன்றும் தாங்கி நிற்கிறது. பார்படோஸில் திறந்த கடலில் திரியும் பறவைக் கோலா மீன், கூகூ எனப்படும் சோளக் களியோடு தேசிய உணவாகிறது. திட்டின் உணவுச் சங்கிலியின் உச்சியில் நின்று வேட்டையாடும் பெரிய சீலா மீனை ஏற்பதற்கு முன் மட்டும் தயக்கம் வேண்டும். பாறைப் பாசியில் வாழும் நுண்ணுயிரி ஒன்று சுரக்கும் சிகுவாடெரா நஞ்சு சிறுமீன் வழியாகப் பெருமீனில் சேர்ந்து திரள்கிறது. சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போவதில்லை.

கடல்மீன்தான் வேண்டும் என்போருக்குச் சிங்கமீனை விடப் பொருத்தமான தேர்வு இல்லை. மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்திய, பசிபிக் பெருங்கடற் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இம்மீன், 1985இல் புளோரிடாக் கரைக்கு அப்பால் முதன்முதலாகக் காணப்பட்டு, 2000களின் பிற்பாதியில் கரீபியன் முழுவதும் பரவியது. எதிரி இல்லாத அக்கடலில் கிளிமீன் குஞ்சுகள் உட்பட வாய்க்கு எட்டிய எல்லாவற்றையும் விழுங்கித் தீர்க்கிறது. அதன் முதுகு, வயிறு, குதத் துடுப்புகளின் முட்களில் மட்டுமே நஞ்சு உண்டு, சதையில் இல்லை, முட்களைக் கத்தரித்துவிட்டால் வெண்மையான, மென்மையான சதை எஞ்சுகிறது. இதே எஸ்கோவிட்ச் கலவை அதற்கும் பொருந்தும். தின்பதே பாதுகாப்பாக அமையும் அரிய சந்தர்ப்பம் இது. ஆனால் கேட்டு வாங்கும் விருந்தினர் குறைவாக இருப்பதால் பல விடுதிகளின் உணவுப் பட்டியலில் இம்மீன் இன்னும் இடம்பெறவில்லை.

காட்டுயிர் காணச் செல்லும் நாள்களிலும் இதே கண்ணோட்டம் உதவும். ஒரகபெஸ்ஸாவில் முட்டையிட வரும் அழுங்காமை, கடற்பஞ்சுகளை முதன்மை உணவாகக் கொண்டது. கடற்பஞ்சு பவளத்தோடு இடத்துக்குப் போட்டியிடுவதால் இந்த ஆமையும் கிளிமீனைப் போலத் திட்டைத் துப்புரவாக்குவதில் பங்கு வகிக்கிறது. குஞ்சுகள் மணலைக் கிளறி வெளிவந்து கடலை நோக்கி நகர்வதை வழிகாட்டியோடு நின்று காண்பது எந்தக் குழந்தைக்கும் மறக்காத பாடம். விளக்கொளி அவற்றைக் கரைப்பக்கம் திருப்பிவிடும் என்பதால் கைப்பேசி வெளிச்சம் அங்கே கூடாது. ஹெல்ஷயர்க் கரைக்குப் பின்னாலுள்ள வறண்ட குன்றுகளில், 1940களுக்குப் பின் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஜமைக்கா உடும்பு 1990இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது; கிங்ஸ்டன் உயிரியல் பூங்காவில் வளர்த்துக் காட்டில் விடப்படும் அதன் குட்டிகளைக் குடும்பங்கள் அருகிருந்து காணலாம். தென்மேற்கே பிளாக் ரிவர் ஆற்றில் முதலைகளைப் படகிலிருந்து காட்டுகிறார்கள்.

உணவு கொடுத்துப் பழக்கும் காட்சிகளிலிருந்து விலகி நிற்பதே நல்லது. கிராண்ட் கேமன் தீவின் மணல்மேட்டில், மீனவர்கள் மீன் கழுவி எறிந்த கழிவை நாடி வந்த திருக்கைகள் 1980களிலிருந்து சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து கணவாய்த் துண்டு வாங்கித் தின்னும் காட்சிப் பொருளாயின. இயல்பில் இரவில் தனித்து இரை தேடும் அவை பகலில் நெருக்கியடித்துத் திரிவதையும், காயமும் ஒட்டுண்ணியும் அவற்றில் மிகுந்திருப்பதையும் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். பஹாமாஸின் எக்சூமாத் தீவுகளில் நீந்தி வரும் பன்றிகளுக்கு மணலிலேயே உணவு வீசப்பட்டதால், 2017இல் இறந்த சிலவற்றின் வயிற்றில் மணல் கண்டெடுக்கப்பட்டது.

எந்தத் தீவுக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும்போதே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயன் தரும். பெலீஸ் 2009இலும், டச்சு ஆட்சிக்குட்பட்ட பொனேர் 2010இலும் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தன. டொமினிக்கன் குடியரசு 2017இல் தற்காலிகத் தடை கொண்டுவந்தது. ஈட்டித் துப்பாக்கியை 1971லேயே விலக்கி, 1979இல் கடற்பூங்காவும் அமைத்த பொனேரில் கரையிலிருந்து சில அடி இறங்கினாலே பெருத்த கிளிமீன்கள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். நீச்சல் தெரியாத பாட்டி தாத்தாவை விட்டுவிட்டுப் படகேறிப் போகவேண்டிய தேவை அங்கே இல்லை.

காலத்தையும் கருத வேண்டும். தமிழகப் பள்ளிகளின் கோடை விடுமுறை, ஜூன் 1இல் தொடங்கும் சூறாவளிக் காலத்துக்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடுவது நல்வாய்ப்பு; 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி ஜமைக்காவின் தென்மேற்கைச் சிதைத்ததைக் கண்டவர்கள் இதன் அருமையை உணர்வர். ஆனால் அதே ஏப்ரல், மே மாதங்கள், நம் கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் போலவே, ஜமைக்காவில் ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை நீளும் சிங்கி இறால் தடைக்காலத்துக்குள் விழுகின்றன. வாலடியில் செம்மஞ்சள் முட்டைக் கொத்தைச் சுமந்து தாய் இறால்கள் திரியும் பருவம் அது. மே மாதத்தில் ‘இன்று பிடித்தது’ என்ற குறிப்போடு சிங்கி இறாலை எவரேனும் நீட்டினால் அது சட்டத்தை மீறிப் பிடிபட்டது என்றே பொருள். சிங்கமீனுக்கு அங்கே தடைக்காலம் எதுவும் இல்லை.